எங்களை ஸ்பொன்சர் செய்த ஊர்

பாலைவனத்தை நான் முதன்முதலாகப் பார்த்தது கனடாவில், ஸ்காபரோ நெடுஞ்சாலையோரத்து ஹோட்டல் ஒன்றின் கீழ்மாடியில். வெளியே முழங்கால் மட்டும் பனி கிடந்தது. எனக்கு ஒன்பது வயது. அந்தப் பாலைவன ஊரை இன்றுவரை நான் நேரில் கண்டதில்லை. ஆனாலும் யாராவது என்னிடம் உலகத்திலேயே அழகான இடம் எது என்று கேட்டால் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் டோர்செட் பார்க்கில், அடுக்குமாடி ஒன்றின் பதினாலாவது தளத்தில் குடியிருந்தோம். வீட்டில் ஆங்கிலம் பேசுகிற உத்தியோகம் என்னுடையது. அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வரும், பேச வெட்கம். அம்மாவுக்கு வெட்கமில்லை, ஆங்கிலம்தான் இல்லை. டொக்டர், வங்கிக்காரர், கார்ப்பெற் கழுவித் தருகிறோம் என்கிறவர்கள், எவர் பேசினாலும் ரெலிபோன் என் கைக்கு வந்துவிடும். அரைகுறை ஆங்கிலத்தை அரைகுறைத் தமிழாக்கி நான் செய்த சேவையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒருநாள் பின்னேரம் ரெலிபோனில் ஒரு பெண் பேசினார். தேன் குரல். இந்தப் பெரிய நகரத்தில் எங்கள் குடும்பத்தைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். பாலைவனத்தில் உள்ள சின்ன ஊர் ஒன்றில் ஒரு கிழமை, ஏழு நாளும், தங்கலாம், எல்லாம் ஸ்பொன்சர் செய்யப்பட்டது, கணவனும் மனைவியும் சேர்ந்து சனிக்கிழமை ஹோட்டலுக்கு வந்து படம் பார்த்தால் போதும், வந்ததற்கே ஒரு பரிசும் உண்டு என்றார். கரும்பு தின்னக் கூலியும் தருகிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"அம்மா, எங்களை ஸ்பொன்சர் செய்யினமாம்."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். எங்கள் வீட்டில் என்ன, அந்தக் கட்டிடத்தில் இருந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அதுதான் அர்த்தம். ஸ்பொன்சர் என்றால் ஆளைக் கூப்பிடுவது. இன்னார் தாயை ஸ்பொன்சர் செய்துவிட்டார், இன்னாருடைய ஸ்பொன்சர் இழுபடுகிறது என்றுதான் கோயிலிலும் கடையிலும் பேசிக்கொள்வார்கள். அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தார். என் சித்தி. யாழ்ப்பாணத்திலிருந்து எப்படியோ தப்பிக் கொழும்புக்கு வந்து, ஒரு லொட்ஜ் அறையில் பொலிஸ் பதிவோடும் இரவுச் சோதனையோடும் காத்துக்கிடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அவரோடு கதைப்பார். கதைத்து முடித்ததும் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். தாய் தகப்பனைக் கூப்பிடலாம், கட்டினவரைக் கூப்பிடலாம், கூடப்பிறந்ததைக் கூப்பிட இந்த நாட்டில் சட்டமில்லை என்று லோயர் கையை விரித்துவிட்டார். அந்த வருத்தத்தின் நடுவில்தான் பாலைவனத்திலிருந்து ஒரு ஊர் தானாகவே வந்து ஸ்பொன்சர் என்று சொன்னது.

அப்பா வேலையால் வந்ததும் விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. அது கடைக்காரர்கள் சொல்கிற வேறு ஸ்பொன்சர் என்றார். அம்மா விடவில்லை.

"ஸ்பொன்சரிலை எத்தினை வகை இருக்கு? முன்பின் தெரியாத எங்களைக் கூப்பிட்டு வைச்சிருக்க ஏலுமெண்டால், எங்களுக்குப் பதிலா அவளைக் கூப்பிடேலாதோ?"

அது அமெரிக்காவில் இருக்கிற ஊரப்பா என்றார் அப்பா. எந்த நாடாக இருந்தால் என்ன, முதலில் அவள் கொழும்பிலிருந்து வெளிக்கிடட்டும் என்றார் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய்த் தன் ஒரே கழுத்து ரையைத் தேடி எடுத்தார். சனிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு, அம்மாவுக்கு மேல்கோட்டுப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிவிட்டு, எங்களை பஸ்ஸில் கூட்டிப்போனார். அம்மா கோட்டுக்குள் கூறைச்சேலை உடுத்திருந்தார். நான் பைக்குள் என் நீச்சலுடுப்பை ஒளித்து வைத்திருந்தேன். அவரவர் ஆயத்தம் அவரவருக்கு.

ஹோட்டல் அறையில் வட்ட மேசைகள் போட்டிருந்தார்கள். எங்களைப் போலவே தெரிவு செய்யப்பட்ட குடும்பங்கள் அறை நிறைய இருந்தன. அது அப்பாவுக்கு உடனே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு பிஸ்கற் தட்டுத்தான் விளங்கியது. வெயிலில் வறுத்தெடுத்த நிறத்தில் ஒரு வெள்ளைக்காரர் வந்து எல்லாருக்கும் கைகொடுத்தார். பனிக்காலத்தில் அந்த நிறத்தில் ஒரு மனிதரைக் கண்டதே எனக்கு அதிசயம். விளக்குகளை அணைத்தார்கள். படம் காட்டும் பெட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது.

அந்தச் சத்தத்தோடு சுவர் முழுவதும் வெளிச்சமாகிவிட்டது. அப்படி ஒரு நீலத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. வானம் ஒரு நீலம், அதன்கீழே நீச்சல் தடாகம் இன்னொரு நீலம். இரண்டுக்கும் நடுவில் செம்மண் நிறத்தில் ஒரு மலை, அதன் உச்சியில் மட்டும் பனி. எங்கள் வாசலில் சேறாகிக் கிடக்கிற அதே பனி, அங்கே ஒருவருக்கும் தொந்தரவு கொடுக்காமல் எட்டத்தில் இருந்தது. நான் வாயைத் திறந்தபடி இருந்தேன். மொழிபெயர்க்கச் சொல்லி அம்மா தொடையில் கிள்ளிய பிறகுதான் எனக்கு என் உத்தியோகம் நினைவுக்கு வந்தது.

முதல் இடறல் அந்த 'ரிசோர்ட்' என்ற சொல். அதற்குத் தமிழ் எனக்குத் தெரியாது. வெளியூர் ஆட்கள் வந்து தங்கி, குளித்து, களைப்பாறிப் போகிற இடம் என்றேன். "அப்ப மடம்," என்றார் அம்மா. சரியென்றுதான் எனக்கும் பட்டது. அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் அது மடமாகவே இருந்தது.

டக். ஒரு பழைய கறுப்புவெள்ளைப் படம். மணலின் நடுவில் ஆவி பறக்கும் குளம். நிலத்துக்கு அடியிலிருந்து வெந்நீர் தானாகவே பொங்கி வருகிறதாம். அந்த மண்ணின் பழங்குடிகள் எத்தனையோ தலைமுறையாக அதில் குளித்தும் கும்பிட்டும் வந்தார்களாம். ஊர் அவர்களுடைய காணியில்தான் நிற்கிறது, இன்றும் பாதி ஊர் அவர்களுக்குத்தான் குத்தகை கட்டுகிறது என்று அந்த மனிதர் போகிற போக்கில் சொன்னார். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். இன்றைக்கும் காணி அவர்களுடையதுதானா என்று என்னைக் கேட்கச் சொன்னார். ஓம் என்று பதில் வந்ததும் இன்னொருமுறை கேட்கச் சொன்னார்.

டக். குதிரை வண்டியில் வந்து இறங்கும் மெலிந்த மனிதர்கள். நெஞ்சுநோய்க்காரர்கள். இனி உங்களால் பிழைக்க முடியாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டவர்கள். உலர்ந்த காற்றைத் தேடி அவர்கள் அந்த வனாந்தரத்துக்கு வந்தார்கள். ஒரு பெண் தன் வீட்டு அறைகளை அவர்களுக்குக் கொடுத்தார். இருமிக்கொண்டு வந்தவர்கள் எழும்பி நடந்தார்கள். சிலர் திரும்பிப் போகாமல் அங்கேயே கல்யாணம் கட்டி வீடும் கட்டினார்கள். அப்படித்தான் ஊர் உண்டானதாம். நோயாளிகளுக்குப் பின்னால், கூட்டத்துக்குப் பயந்து ஓடிவந்த சினிமா நடிகர்கள் வந்தார்களாம். ஊரில் அவர்களை ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்களாம், அதுதான் அந்த ஊர் மரியாதையாம்.

டக். ஒரு தெரு. இரண்டு பக்கமும் வரிசையாக மரங்கள். இருட்டுக்குள் அம்மாவின் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. "பனை."

பனை இல்லை, அது மாதிரி வேறொன்று என்றார் அப்பா. ஆனால் பார்த்தவர் யாரும் பனை என்றுதான் சொல்வார்கள். விசிறி ஓலை, நெடுநெடு உயரம். காய்ந்த ஓலைகள் மட்டும் வெட்டப்படாமல், பாவாடை மாதிரி மரத்தைச் சுற்றித் தொங்கின.

"காவோலை எல்லாம் வீணாய்த் தொங்குது. வெட்ட ஒரு ஆளில்லையோ அந்த ஊரிலை?"

இதையும் சேர்த்து மொழிபெயர்த்தேன். வறுத்த நிறத்து மனிதர் மிகவும் சந்தோஷப்பட்டார். அப்படித் தொங்குவதுதான் அழகு, அதை வெட்டினால் ஊர்ச்சனம் சண்டைக்கு வரும் என்றார். அம்மா நம்பவில்லை.

கடைசிப் படத்தில் இரவு. வானம் நிறைய வெள்ளிகள் மின்னின, கீழே ஊர் இருண்டு கிடந்தது. "அங்கையும் கறன்ற் இல்லையோ?" என்று அம்மா பரிதாபமாகக் கேட்டார். யாழ்ப்பாணத்தில் அப்போது எத்தனையோ வருடமாக மின்சாரம் இல்லை, சித்தி போத்தல் விளக்கில் இருந்துவிட்டு வந்தவர். நான் விசாரித்துச் சொன்னேன்: கறன்ற் இருக்கிறது, வெள்ளிகள் தெரியவேண்டும் என்பதற்காகத் தெருவிளக்குகளை அவர்களே குறைத்து வைத்திருக்கிறார்கள். அம்மா உச்சுக்கொட்டினார். எனக்கோ உடம்பு புல்லரித்தது. ஆகாயத்தைப் பார்ப்பதற்காக ஒரு ஊரே விளக்கை அணைக்கிறது. வீடு எதுவும் மரத்தைவிட உயரமில்லை. சாகவந்தவர்கள் சாகாமல் இருந்த ஊர். பதினாலாவது மாடிப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கதை வேறென்ன வேண்டும்?

விளக்கைப் போட்டார்கள். அந்த மனிதர் எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்து, காலையில் அந்த மலையைப் பார்த்தபடி கண்விழிக்க யாருக்கு விருப்பம் என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். பக்கத்தில் அம்மாவின் கையும் உயர்ந்திருந்தது.

"எங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை. எங்களுக்குப் பதிலா என்ரை தங்கச்சியைக் கூப்பிடச் சொல்லு. அவள் ஆருக்கும் கரைச்சல் குடுக்க மாட்டாள். மடத்திலை சமைப்பாள், கூட்டுவாள்."

எனக்கு அழுகை வந்தது. பைக்குள் நீச்சலுடுப்பு இருந்தது. ஆனால் உத்தியோகம் உத்தியோகம்தான். சமையலும் கூட்டலும் உட்பட ஒன்றும் விடாமல் சொன்னேன். அந்த மனிதர் அம்மாவைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். அங்கே வருடத்தில் ஒரு கிழமையைக் காசு கொடுத்து வாங்கலாம், வாங்கினால் அது உங்களுடைய கிழமை, தங்கைக்கும் கொடுக்கலாம், பேரப்பிள்ளைக்கும் கொடுக்கலாம், வருடா வருடம், ஆயுள் முழுக்க என்றார்.

"ஓமாம் அம்மா. சித்தி வரலாமாம். சாகும்வரைக்கும் வரலாமாம்."

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் நோகிற பிடி. அப்பா மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது கூப்பிடுவார்கள் என்று அம்மா கேட்டார். அடுத்த மாதமே வரலாமாம். விசா எத்தனை நாளில் அனுப்புவார்கள் என்று கேட்டார். இந்தக் கேள்விதான் அந்த மனிதருக்குப் புரியவில்லை. இரண்டு தரம் சொன்னேன். பிறகு அவர் சிரித்துக்கொண்டே தோளைக் குலுக்கினார்.

"விசா நாங்கள்தான் எடுக்கவேணுமாம். அது தங்கடை வேலை இல்லையாம்."

அம்மா அவரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப இவை ஆர், பிள்ளை?"

"மடம் வைச்சிருக்கிற ஆக்கள்," என்றேன்.

அம்மா என் கையை விட்டார். அப்பா எழும்பி, தானே ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அந்த மனிதர் இன்னொருவரைக் கூட்டிவந்தார், அவரும் நெஞ்சில் கைவைத்தார். அப்பா அவருக்கும் நன்றி சொல்லிவிட்டு அம்மாவின் கோட்டை எடுத்துப் பொத்தான்களைப் பூட்டிவிடத் தொடங்கினார். வாசலில் பரிசைத் தந்தார்கள். பெரிய குளியல் துவாய் ஒன்று. அதில் நீலத் தடாகமும் பனை போன்ற அந்த மரமும் அச்சடிக்கப்பட்டிருந்தன.

அந்தத் துவாயை அம்மா சேலைகளுக்கு நடுவில் வைத்தார். ஒருவரும் தொடக்கூடாது. அந்த ஊருக்குப் போகும்போது கொண்டுபோக வைத்திருக்கிறார் என்று நான் நினைத்தேன். நீச்சலுடுப்பு எனக்குச் சின்னதாகிப் போனது, துவாய் அப்படியே இருந்தது. சித்தி பிறகு வேறு வழிகளால், வேறு நாடுகளுக்குள்ளால் வந்து சேர்ந்தார். அவர் எங்கள் வீட்டில் முதல்நாள் குளிக்கப் போனபோது அம்மா அதை எடுத்துக் கொடுத்தார். இது எந்த ஊர் அக்கா என்று சித்தி விரித்துப் பார்த்துக் கேட்டார். "உன்னை முதலிலை கூப்பிட்ட ஊர்," என்றார் அம்மா.

ஆனால் அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அம்மா யன்னலோரம் இருந்தார். துவாய் மடியில். பஸ் வெளிக்கிட்டதும் அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழியத் தொடங்கியது, அவர் துடைக்கவில்லை. அப்பா மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனபிறகு, அந்த நெஞ்சுநோய்க்காரர் வந்து சுகப்பட்ட கதையை இன்னொருக்காச் சொல்லு என்றார் அம்மா. குதிரை வண்டி, உலர்ந்த காற்று, அறை கொடுத்த பெண், எழும்பி நடந்தவர்கள் என்று நான் வீடுவரை சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர் இன்னும் அழுதார். ஊர் அவ்வளவு அழகு, நானும் அவ்வளவு நன்றாக மொழிபெயர்த்திருக்கிறேன் என்று நினைத்து எனக்குப் பெருமை தாங்கவில்லை.