நாற்காலிக்காரம்மாவின் வலைப்பூ

"மூச்சு விடாதீங்க, துணி ஆடுது" என்கிறார் அவர். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூன்றாம் மாடிப் படிக்கட்டின் திருப்பத்தில் நிற்கிறேன். காலை பத்து மணியிலிருந்து பத்தே கால் வரை மட்டும் அங்கிருக்கும் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும். அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவர் தன் ஓவியங்களைப் புகைப்படம் எடுப்பார். படத்தின் மேல் நிழல் விழாமல் விரிப்பு பார்த்துக்கொள்ளுமாம். காய்கறிப் பையோடு ஏறி வருகிறவர்களைப் பார்த்து, "ஒரு நிமிஷம் நில்லுங்க, உங்க நிழல் என் பிழைப்புல விழுது" என்பார். அவர்களும் நின்றுவிடுவார்கள். அந்த ஒரு நிமிஷம் ஒரு நிமிஷத்தில் முடிந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் குடியிருப்பில் அவருக்கு 'நாற்காலிக்காரம்மா' என்று பெயர். வயது நாற்பத்தேழு. ஆளில்லாத நாற்காலிகளை மட்டுமே வரைகிறார். மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி, சக்கரம் வைத்த அலுவலக நாற்காலி, கால் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்த நாற்காலி. ஏன் மனிதர்களை வரைவதில்லை என்று ஒருமுறை கேட்டேன். "ஆளை வரைஞ்சா மூக்கு சரியில்லம்பாங்க. நாற்காலிக்கு மூக்கு கிடையாது" என்றார். மூக்கைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். பதினெட்டு வருஷம் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, ஊரில் பாதிப் பேரின் மூக்கில் கண்ணாடியைப் பொருத்தியவர்.

பால்கனியை அடைத்துக் கட்டிய சின்ன அறைதான் அவருடைய பட்டறை. ஒரு மேசை, ஒரு முக்காலி, ஒரு மடிக்கணினி. காப்பிக் கோப்பையும் தூரிகை கழுவும் கோப்பையும் ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் அக்கம்பக்கத்தில்தான் வைப்பார். தவறான கோப்பையில் வாய் வைத்த அனுபவம் நிறைய உண்டு. "நீலம் பரவாயில்ல, மஞ்சள்தான் கசக்கும்" என்று விருந்தாளிகளிடம் விளக்குவார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் காப்பி கேட்பதில்லை.

கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு ஓவியமே தொழில் என்று உட்கார்ந்த முதல் வருஷம் பெரிய சறுக்கல். வலைப்பூ ஒன்று தொடங்கி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே 'ஒளியும் நிழலும்: ஒரு தேடல்' என்கிற ரீதியில் எழுதி வந்தார். விருப்பக் குறி போட்டவர்கள் மொத்தம் மூன்று பேர். ஒருவர் கணவர். இன்னொருவர் கணவரின் தங்கை. மூன்றாவது, வேறு பெயரில் இவரே. பிறகு ஒருநாள் எரிச்சலில், ஒரு முக்காலியை வரையப் போய் அது ஏன் மூன்று முறையும் பசுமாடு மாதிரியே வந்தது என்று நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டார். நாற்பது பேர் படித்தார்கள். ஒருவர் அந்தப் பசுமாட்டையே வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பிடிபட்டது சூட்சுமம். அவருடைய வியாபாரக் கொள்கையை அவர் வாய்மொழியிலேயே தருகிறேன்: "விளம்பரம்னா கூவுறதில்லீங்க. பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி. மூடிக் கிடந்தா யாரும் பாக்கமாட்டாங்க. முழுசா தொறந்து கிடந்தாலும் பாக்கமாட்டாங்க. பாதி தொறந்திருக்கணும்."

வெள்ளிக்கிழமை தோறும் காலையில் வாசகர்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் போகும். அப்போது பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். யார் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பது கணினியில் தெரியும் அல்லவா? தொடர்ந்து மூன்று வாரம் திறக்காதவருக்கு 'கோபமா?' என்று ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புவார். பத்தில் எட்டுப் பேர் பதறிப்போய்ப் பதில் எழுதுவார்கள். அதில் இரண்டு பேராவது, செய்யாத குற்றத்துக்குப் பரிகாரமாக ஒரு படம் கேட்பார்கள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பேச்சு குறைவு. ஆனால் மனைவியின் வலைப்பூ முகவரியைச் சின்னச் சின்னத் தாளில் அச்சடித்து, தான் பழுது பார்க்கும் லிஃப்டுகளில் அபாய மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்துகொண்டிருந்தார். கம்பெனி கண்டுபிடித்து எல்லாவற்றையும் சுரண்டச் சொன்னது. "உள்ள மாட்டிக்கிட்டவங்க வேற என்னதான் பண்ணுவாங்க?" என்று இந்தம்மா இன்னமும் அந்தக் கம்பெனிக்காக வருத்தப்படுகிறார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி, போன வருஷம் ஒரு பள்ளத்தில் இறங்கியது.

கணவருக்கு ஓர் அண்ணன். இந்தம்மாவுக்குப் 'பெரிய மாமா'. தபால் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தெரு தள்ளி வீடு. ஒன்பது வருஷமாகச் சர்க்கரை வியாதி. அந்த வியாதியை ஒரு பதவி மாதிரி வகித்து வந்தார். விருந்து வீடுகளில் இனிப்புத் தட்டு வரும்போது, நாலு பேர் கண்ணில் படும்படி உள்ளங்கையை உயர்த்தி மறுப்பார். மறுத்த கையோடு, பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கும் நாக்கை அடக்குவது பற்றி ஐந்து நிமிஷம் சொல்லுவார். சாப்பிடுகிறவருக்குத் தொண்டையில் இறங்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போன இந்தம்மா, அவருடைய நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு கை ஆடாமலிருக்கப் பச்சை ஒயர் சுற்றிய பழைய மெத்தை நாற்காலி. வரைய உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். மெத்தைக்கும் கைப்பிடிக்கும் நடுவிலிருந்த இடுக்கில், பளபளவென்று சிவப்பாக ஒரு தாளின் நுனி. கிரீம் பிஸ்கட் உறை. அதையும் வரைந்தார். வரைந்ததோடு விட்டிருக்கலாம். 'இனிப்பைத் தொடாத மனிதரின் நாற்காலி' என்று தலைப்பிட்டு, பெயர் சொல்லாமல், விருந்தில் உயரும் உள்ளங்கை உட்பட எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டார். பின்னால் நான் கேட்டதற்கு, "அந்த இடத்துல ஒரு சிவப்பு தேவைப்பட்டுச்சுங்க" என்று கலை மேல் பழியைப் போட்டார்.

மூன்றே நாளில் பதினோராயிரம் பேர் படித்தார்கள். நாலாம் நாள் பெரிய மாமா முடிவெட்டும் கடையில், பாதி முகம் மழித்த நிலையில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தன் கைபேசியிலிருந்து அந்தப் பதிவை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். முதலில் சிரித்தவர் பெரிய மாமாதான். "இப்படியும் ஒரு ஆளு" என்றுகூடச் சொன்னாராம். படத்தைப் பார்க்கட்டும் என்று கைபேசியை நீட்டினார் கடைக்காரர். பச்சை ஒயர் கண்ணில் பட்டது. மீதி முகத்தை மழிக்காமலே எழுந்து நடந்துவிட்டார். வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் செய்தி அவருக்கு முன்னால் போயிருந்தது. அவர் மனைவி, அதாவது மாமி, மெத்தையைத் தரையில் போட்டுத் தையலைப் பிரித்து, பதினான்கு உறைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

தம்பிக்கு ஃபோன் வந்தது. அந்தப் பதிவு இருக்கும்வரை தம்பி வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டேன் என்று ஒரே வாக்கியம்.

அதே நாள் மதியம் ஒரு கடிதமும் வந்து தொலைத்தது. நகர நூலகம் புதிதாகக் கட்டிய வாசிப்பு அறைக்குப் பன்னிரண்டு நாற்காலி ஓவியங்கள் வேண்டுமாம். முதலில் மாட்ட வேண்டியது பிஸ்கட் நாற்காலி, பக்கத்தில் அந்தப் பதிவையும் சட்டம் போட்டு மாட்டுவோம் என்று நூலகர் எழுதியிருந்தார். அவ்வளவு பெரிய வேலை அதுவரை அவருக்கு வந்ததில்லை. கடிதத்தைக் கணவரிடம் காட்டினார். அவர் இரண்டு முறை படித்தார். "அண்ணன் எனக்கு அப்பா மாதிரி" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அந்தப் படம் உனக்கு நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, நன்றாக இருந்த மின்விசிறியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

அன்று மாலையே இந்தம்மா பதிவை எடுத்துவிட்டார். இப்போதைக்கு முடியாது என்று நூலகருக்கு இரண்டு வரி போட்டார். அந்த வாரம் வெள்ளிக்கிழமைக் கடிதமும் போகவில்லை. படிக்கட்டில் என்னைப் பார்த்தபோது அவர் கையில் விரிப்பு இல்லை. "எழுதுனது தப்பில்லீங்க. கேக்காம எழுதுனதுதான் தப்பு. அவர் நாற்காலி, அவர் மானம். நான் யாரு ஜன்னல் தொறக்க?" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் சும்மா இருக்க அவரால் முடியாது. பதிவுக்குக் கீழே வாசகர்கள் எழுதிய இருநூற்று அறுபத்து மூன்று பின்னூட்டங்களை, எடுப்பதற்கு முன்பே அச்செடுத்து வைத்திருந்தார். நாலு நாள் கழித்து அந்தக் கட்டோடு பெரிய மாமா வீட்டுக்குப் போனார். மாமியின் முகம் சொல்லும்படி இல்லை. பெரிய மாமா மெத்தை இல்லாத வெறும் பலகையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை. இந்தம்மா முதலில் மன்னிப்புக் கேட்டார். தரையில் உட்கார்ந்து அந்த முதுகுக்கு வாசிக்க ஆரம்பித்தார்.

எல்லாம் சர்க்கரைக்காரர்களின் ஒப்புதல் வாக்குமூலங்கள். ஒருவர் சாக்லேட்டை மழைக்கால ஷூவுக்குள் ஒளிக்கிறார். ஒருவர் மீன் தொட்டிக்குப் பின்னால், மீன் தீனி டப்பாவில். ஒருவர் காரின் ஸ்டெப்னி டயருக்குள் லட்டு வைக்கிறார். அந்த இடத்தில் முதுகு முதல் முறையாகப் பேசியது.

"எறும்பு வராதா?"

"அதைப் பத்தி அவர் எழுதல மாமா" என்று பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். முப்பதாவது வரும்போது நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஐம்பதுக்கு மேல் ஒன்று. ஒரு லாரி ஓட்டுநர் எழுதியது. 'இப்படித் திருடித் தின்பது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். அவமானமாக இருக்கும். இதைப் படித்த பிறகு என் மனைவியிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு இரண்டு பேருமாக டாக்டரிடம் போகிறோம்.'

பெரிய மாமா அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஆளுக்கு யாராவது பதில் போட்டீங்களா?" என்றார். இல்லை என்றதும் அதிகாரிக் கோபம் வந்துவிட்டது. கடிதம் வந்தால் பதில் போக வேண்டாமா, என்ன நிர்வாகம் இது என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்திலேயே சமாதானம் ஆகிவிட்டது. பதிவு திரும்பப் போகலாம், பதில்களைத் தானே சொல்லுவேன் என்பது அவர் நிபந்தனை. மாமிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. மாதாமாதம் இவருடைய சர்க்கரை அளவையும் அதே வலைப்பூவில் போட வேண்டும். பெரிய மாமா ஆட்சேபித்தார். மாமி பிரித்த மெத்தையைக் கையில் எடுத்ததும் ஆட்சேபணை வாபஸ் ஆனது.

இப்போது திங்கள்கிழமை தோறும் 'நாற்காலிக்காரர் பதில்கள்' வருகிறது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்று தொடங்கி, ஓலைப்பெட்டியில் வைத்தாலும் எறும்பு வரும் என்பது வரை போகும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் மூவாயிரம் பேரானார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஆள் எப்படித் தப்பு செய்வார்? ஐந்து மாதமாக அளவு இறங்கிக்கொண்டே வருகிறது. ஊர் பேர் தெரியாதவர்களெல்லாம் தங்கள் நாற்காலிகளைப் படம் எடுத்து அனுப்பி, வரைந்து கொடுங்கள் என்று வரிசையில் நிற்கிறார்கள். எழுதியதை உரியவருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்காமல் இப்போது எதையும் இவர் வெளியிடுவதில்லை. மறுப்பவர்களின் படத்துக்குக் கீழே 'ஒரு நாற்காலி' என்று மட்டும் இருக்கும். "அந்தப் படத்தைத்தாங்க நிறையப் பேர் கேக்குறாங்க" என்று கண்ணைச் சிமிட்டுகிறார். பெரிய மாமாவைப் பற்றித்தான் அவருக்கு ஒரே குறை: "என் கடையில என்னைவிட அவருக்குத்தான் கூட்டம்."

நூலகர் காத்திருந்தார். போன மாதம் வாசிப்பு அறையில் பன்னிரண்டு படங்களும் ஏறின. திறப்பு நாளன்று பெரிய மாமா முழுக்கைச் சட்டையில் வந்து, தன் படத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். முன்பின் தெரியாதவர்கள் கையைக் குலுக்கி, அளவு எவ்வளவு என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். உள்ளங்கையை உயர்த்த அவருக்கு அன்றைக்கு நேரமே இல்லை. கூட்டம் சற்றுக் குறைந்தபோது மாமி அடுத்த சுவரிலிருந்த செங்கல் முட்டு நாற்காலியைக் குனிந்து பார்க்கப் போனார். நாற்காலிக்காரம்மா அந்தப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே கைப்பைக்குள் கையை விட்டு, ஒரு கிரீம் பிஸ்கட்டை எடுத்து இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை மாமாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். மறுபாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.