கை ஏறாத ரவிக்கை

கொரோனா இரண்டாவது அலை அடங்கி, ஊர் ஊராகத் தடுப்பூசி முகாம் போட்டுக்கொண்டிருந்த சமயம். பாலக்கோடு பக்கத்தில், எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் இது நடந்தது.

பெங்களூரில் இருக்கும் என் மகளுக்குக் கல்யாணமாகி வெகு வருடம் கழித்து அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. எட்டாம் மாதமே பிறந்துவிட்டதால் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்து, பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஊசியும் போட்டு, அதன்பின் இரண்டு வாரம் ஆனவர்கள்தான் குழந்தையின் பக்கத்தில் வரலாம் என்று அங்கே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எனக்கு ஒரு ஊசிதான் ஆகியிருந்தது. மகள் தினமும் போனில், "எப்பம்மா வருவ? கொழந்தயக் குளிப்பாட்டவே பயமா இருக்குதும்மா, வழுக்கிட்டுப் போவுது" என்று அழுவாள். போனை வைத்துவிட்டு நான் அழுவேன்.

முதல் ஊசி போட்டபோது நான் தக்காளி பறித்துக்கொண்டிருந்தேன். ஊசி வந்திருக்கிறது என்று யாரோ கத்த, சேலைக்கு மேல் போட்டிருந்த வீட்டுக்காரரின் பழைய சட்டையோடு அப்படியே ஓடிவிட்டேன். அங்கே பார்த்தால் எல்லாரும் சலவைச் சேலையில் இருக்கிறார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம் அதிகம். நாலு பேர் பார்த்தால் நடையே மாறிவிடும். அன்றைக்குச் சுவரோடு சுவராக ஒட்டி நின்று போட்டுக்கொண்டு வந்தேன். அதனால் இரண்டாவது ஊசிக்காவது மனுஷி மாதிரி போக வேண்டும் என்று, தங்கை மகள் கல்யாணத்துக்குத் தைத்த பச்சை ரவிக்கையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். முழங்கை வரைக்கும் கை வைத்தது. தலையில் பூ வேறு.

பள்ளிக்கூடத்தில் நல்ல கூட்டம். என் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கைய மேல ஏத்துங்கம்மா" என்றார் நர்ஸ்.

முழங்கைக்கு மேல் ஒரு விரல் அளவுகூட ஏறவில்லை. அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு என் கை எவ்வளவு பருத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் இழுத்தேன், நர்ஸும் இழுத்தார். பிறகு என் காதோரம் குனிந்து, "முன்னால கொக்கியக் கழட்டி, தோளை மட்டும் வெளிய எடுத்துக்குங்கம்மா" என்றார்.

எப்படிக் கழற்றுவது? எதிரே பெஞ்சுகளில், ஊசி போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்கார வைத்திருந்த ஆண்கள். முதல் பெஞ்சில் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் எதிரில் நான் இத்தனை வருடத்தில் உட்கார்ந்து பேசியதுகூடக் கிடையாது.

"பொறவு வரேனுங்க" என்று எழுந்துவிட்டேன்.

"இன்னிக்கு மருந்து கொஞ்சந்தாம்மா இருக்குது. அடுத்தது எப்ப வரும்னு தெரியாது."

கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் கால் வாசலைப் பார்த்துத்தான் போனது. அப்போது ஒரு பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள். வேறு ஊர்க்காரி, முன்பின் பார்த்ததில்லை. நல்ல உயரம், அதற்கேற்ற குரல்.

"ஏக்கா, ஊசி போடாம எங்க போற?"

"ரவிக்க ஏறலைங்க. மவ வூட்டுப் பேத்தியப் பாக்கப் போவணும், கொறமாசத்துல பொறந்தது..."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊசி போட வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா? சரி, கண்ணத் தொடச்சுக்கோ. கைத் தையலப் பிரிச்சுவுட்டா ஆச்சு" என்றவள், நான் தடுப்பதற்குள் அந்த அறையே அதிரும்படி சத்தம் போட்டாள்.

"ஏனுங்க ஆம்பளைங்களே! இந்தக்கா பேத்தியப் பாக்கப் போவணும், ரவிக்க ஏறல. எல்லாம் திரும்பிக் கொஞ்ச நேரம் கரும்பலகையப் பாருங்க!"

எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் முதலில் எழுந்தது என் வீட்டுக்காரரின் அண்ணன்தான். கரும்பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "திரும்புங்கடா" என்றார். அத்தனை ஆண்களும் வாத்தியார் மிரட்டிய பிள்ளைகள் மாதிரி திரும்பி உட்கார்ந்தார்கள்.

"கணக்குப் போட்டிருக்குது, யாருக்காச்சும் வருதா?" என்றார் ஒருவர்.

"வந்திருந்தா நான் ஏன்யா தக்காளி மண்டியில கூடை தூக்கறேன்?" என்றார் இன்னொருவர்.

இரண்டு பெண்கள் முந்தானையை விரித்து மறைப்புக் கட்டினார்கள். அவள் தன் தாலிக்கயிற்றில் இருந்த ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் தையலை நெம்பினாள். "எந்த டெய்லரு இவன்க்கா? மூட்டை தைக்கற மாதிரி தச்சிருக்கான்" என்று திட்டிக்கொண்டே பல்லால் நூலைக் கடித்து இழுத்தாள். ரவிக்கைக் கை ஓரத்திலிருந்து அக்குள் வரை பிரிந்தது. எல்லாரும் சிரித்ததில் நர்ஸுக்கும் சிரிப்பு. "ஆடாதீங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டார். எனக்கு வலித்ததா என்றுகூட ஞாபகம் இல்லை.

அடுத்து அவள் முறை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முகம் வெளுத்துப் போனது. "எனக்கு ஊசின்னா பயம்க்கா. காலைலருந்து பின்னால வந்தவங்களயெல்லாம் முன்னால வுட்டுட்டு நிக்கறேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி தொடுவதற்கு முன்பே அவள் போட்ட கூச்சலில், "என்னாச்சு? இப்பத் திரும்பலாமா?" என்று கரும்பலகைப் பக்கமிருந்து குரல் வந்தது. "இருங்கய்யா!" என்று பெண்கள் எல்லாரும் சேர்ந்து கத்தினோம். நானும்தான் கத்தினேன்.

அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தபோது பிரிந்த ரவிக்கைக் கையைச் சேர்த்துக் குத்த, அவள் மற்ற பெண்களிடம் ஊக்கு கேட்டாள். வளையலில் இருந்து, தாலியில் இருந்து என்று ஆளாளுக்கு ஒன்று கழற்றிக் கொடுத்தார்கள். நர்ஸ்கூடத் தன் பையில் தேடி ஒன்று கொடுத்தார். சிரித்த சிரிப்பில் அவள் பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவளும் பஸ் வந்துவிட்டது என்று ஓடிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து பெங்களூர் போனேன். மறுநாள் காலையில் காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு, வெந்நீரை முதுகில் வழியவிட்டேன். முதலில் வீரிட்டது. பிறகு சூட்டுக்குச் சொக்கி, என் கணுக்காலில் கன்னத்தை வைத்துக்கொண்டு தூங்கியேவிட்டது. வாசற்படியில் நின்று பார்த்த மகள், "என்னால ஒரு மாசமா முடியலம்மா இது" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

என் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியிலோ பேங்கிலோ ஒரு பெண் வாய்திறக்க முடியாமல் எழுந்து வாசலைப் பார்த்து நடந்தால், அவள் கையைப் பிடித்து "என்னாச்சும்மா?" என்று கேட்க மட்டும் எனக்குக் கூச்சம் வருவதில்லை.