விசுக்கோத்துப் பேணிக்குள் யானை

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த மழைக்காலத்தில், எங்கள் வீட்டில் ஒரு விசுக்கோத்துத் தகரப் பேணிக்கு இருந்த மரியாதை எனக்கு இருக்கவில்லை. எனக்குச் சளி பிடித்தால் அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவா. பேணிக்கு ஈரம் பிடித்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம் வந்தாலே போதும், மாமா கந்தோர் உடுப்புடனேயே தரையில் குந்தி, மூடியைத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து பார்ப்பார். மூடியின் மேலே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி குடை பிடித்தபடி சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பேணிக்குள் இருந்தவை பலூன்கள். சும்மா பலூன் இல்லை, தொழிற் பலூன் என்று மாமா சொல்லுவார். எனக்கு அவை சும்மா பலூன்களாகத்தான் தெரிந்தன. ஊதாத பலூனில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வாடிப்போன மிளகாய்ப் பழம் மாதிரிக் கிடக்கும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கண்டித் தபாற் கந்தோரில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், எங்களோடுதான் இருந்தார். கிழமை நாட்களில் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிற மனிதர், விடுமுறை நாட்களில் வேடிக்கை காட்டப் போய்விடுவார். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் என்றால் மாமாவுக்குத்தான் ஆள் வரும். பலூனின் வாயை இரண்டு விரல்களால் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டு, பாலுக்கு அழுகிற குழந்தையையும், கடுகண்ணாவை ஏற்றத்தில் மூச்சு வாங்குகிற ரயிலையும், சந்தையில் சண்டை பிடிக்கிற இரண்டு பெண்களையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்துவார். கடைசியாக, நீட்டுப் பலூன்களையும் உருண்டைப் பலூன்களையும் நூலால் கட்டிப் பெரஹரா ஊர்வலத்து யானை ஒன்று செய்வார். தும்பிக்கை, தந்தம், முதுகில் பேழை ஒன்றும் குறைவிருக்காது. அதைப் பார்த்து வாயைப் பிளக்காத பிள்ளை கிடையாது. நானும் பிளந்திருக்கிறேன், பேணி என் தலையில் விழும்வரைக்கும்.

பேணி என் தலையில் விழுந்ததற்கு அம்மாதான் காரணம். யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகை நெருங்கினால் கொழும்புக் கடைகளில் நல்ல பலூன் கிடைக்காது என்று மாமா மழை தொடங்கும்போதே வரவழைத்துவிடுவார். முந்தின வருஷம் அப்படி வந்ததை அம்மா அடுப்புக்கு மேலே பறணில், புளிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டா. எந்தப் பொருளும் கெடாமல் இருப்பது அடுப்புப் புகையில்தான் என்பது அம்மாவின் முடிவு. நத்தாருக்கு இறக்கிப் பார்த்தால், சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் ஒன்றாக இளகி ஒட்டித் தொதல் அல்வாக் கட்டி மாதிரி இருந்தன. மாமா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, இனி அம்மாவின் கைக்குப் பேணி போகாது என்று சத்தியம் செய்தார். அப்பா பத்திரிகையை விட்டுத் தலையை எடுக்கிற ஆள் இல்லை. அதற்குப் பிறகு பிறந்த தம்பியோ தொட்டிலில் கிடந்தான். மிச்சம் நான்தான்.

பேணி என் கட்டிலுக்கடியில் வந்து குடியேறியது. அத்தோடு சட்டங்களும் வந்தன. வெயில் படக்கூடாது. சூடு படக்கூடாது. கண்டியில் மழை பிடித்தால் அலுமாரிக்குள் இருக்கிற தோற் சப்பாத்திலேயே பூஞ்சணம் பூக்கும். ஆனாலும் பேணிக்கு மட்டும் ஈரம் ஆகாது. ஞாயிறு தோறும் திறந்து, ஒட்டியிருப்பதைப் பிரித்து, பவுடர் தூவி, மடிப்பு விழாமல் திரும்ப அடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எண்ணெய்.

“எண்ணெய்க் கையோடை தொட்டியெண்டால் கையை முறிப்பன், விளங்குதோ?”

தலைக்கு எண்ணெய் வைக்காத யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை உலகத்தில் உண்டா? பின்னல் தோளில் புரண்டாலே நான் எழும்பிப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு வர வேண்டியிருந்தது. மற்றப் பிள்ளைகள் வாவிக்கரையில் ஆமை பார்த்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில், நான் பலூன்களுக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்தேன்.

இது போதாதென்று நிறப் பிரச்சினை வேறு. அந்த வருஷம் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து நத்தார் விழாவில் வேடிக்கை காட்ட மாமாவைக் கேட்டிருந்தார்கள். கேட்டது எங்கள் வகுப்பு ரீச்சர். ரீச்சரின் தகப்பனார் பக்கத்து வேதக் கோயிலில் போதகர், எந்நேரமும் கறுப்புக் கோட்டுடன் இருப்பவர். விழா நிச்சயமான நாளிலிருந்து, நான் புத்தகப் பையை இறக்கி வைக்க முன்னமே மாமா கேட்கத் தொடங்கினார்.

“ரீச்சர் இண்டைக்கு என்ன நிறச் சீலை?”

“ஏன் மாமா?”

“யானைக்கு நிறம் பாக்க வேணுமெல்லோ, விசரி!”

பச்சை என்றால் பச்சைப் பலூன்களைப் பொறுக்கி மேலே வைக்க வேண்டும். மறுநாள் மஞ்சள் என்றால் பச்சை கீழே போக வேண்டும். ரீச்சர் ஒரே நிறத்தைக் கட்டிக்கொண்டு வந்தால் என்ன குறைந்துபோய்விடும் என்று எனக்கு ரீச்சரிடமே கோபம் வந்தது. ஒருநாள் பொறுக்காமல், உந்த யானை கறுப்பாய் இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன். மாமா கோபிக்கவில்லை. கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

“போதகர் முன்வரிசையிலை இருப்பார், பிள்ளை. அவருக்குப் பிடிச்சுதெண்டால், முடிஞ்ச கையோடை என்னைத் தங்கடை வீட்டுக்குத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுவார். ரீச்சர் சொன்னவ. அந்தத் தேத்தண்ணி கிடைக்காட்டில் நான் துலைஞ்சன்.”

எங்கள் வீட்டிலும் தேத்தண்ணி இருக்கிறது. தெல்தோட்டையிலிருந்து வருகிற நல்ல தேயிலை, அம்மா போடுகிற தேத்தண்ணிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. அதை விட்டுவிட்டு ஒரு மனிதர் இன்னொரு வீட்டுக் கோப்பைக்காக இப்படி உருகுவாரா? எனக்கு அலுத்துவிட்டது.

அன்று பின்னேரம் அம்மா தலை வாரிவிடும்போது என் வயிற்றெரிச்சலை எல்லாம் கொட்டினேன்.

“ஒவ்வொரு நாளும் ரீச்சரின்ரை சீலையைக் கேக்கிறார் அம்மா. தேத்தண்ணிக்கும் அங்கை போகப் போறாராம்.”

சீப்பு நின்றது. “ஆரின்ரை வீட்டுக்கு?”

“போதகர் வீட்டுக்கு.”

சீப்பு திரும்பவும் ஓடத் தொடங்கியது, முன்னையை விடக் கொஞ்சம் அழுத்தமாக. தலை நொந்தது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம். என் கஷ்டம் இந்த வீட்டில் ஒருவருக்காவது புரிந்துவிட்டதே.

விழாவுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் ஒத்திகை. நத்தார் நாடகத்தில் நான் ஒரு செம்மறியாடு. சாக்கைப் போர்த்துக்கொண்டு நாலுகாலில் நின்று முழங்கால் நொந்து வீட்டுக்கு வந்தால், நடுக்கூடத்தில் பாய் விரித்திருந்தது. பாயில் அம்மா. அம்மாவுக்கு முன்னால் மூடி திறந்த விசுக்கோத்துப் பேணி. பக்கத்தில் ஒரு கிண்ணம் நிறைய நல்லெண்ணெய்.

அம்மா ஒரு நீலப் பலூனை எடுத்து, விரலை எண்ணெயில் தோய்த்து, தம்பியின் காலை உருவிவிடுகிற மாதிரி அதை மேலிருந்து கீழே இதமாக உருவிக்கொண்டிருந்தா. உருவி முடித்தவை வரிசையாக மினுங்கிக்கொண்டு கிடந்தன.

நான் போட்ட சத்தத்தில் தம்பி எழும்பி அழுதான்.

“என்னத்துக்குக் கத்திறாய்? எல்லாம் வெள்ளை பத்திக் காய்ஞ்சு போய்க் கிடக்கு. உன்ரை மாமன்ரை சாமான், பாவம்.”

“அது பவுடர் அம்மா! நான்தான் போட்டனான்!”

மாமா வந்தார். பாயைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அவர் அழுதுவிடுவாரோ என்று நான் பயந்தேன். அம்மா எழும்பிச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தா.

“எனக்கென்னடா தம்பி தெரியும்? சப்பாத்துக்கு எண்ணெய் போடுறம், குடைக் கம்பிக்குப் போடுறம், கிணத்துத் துலாவுக்குப் போடுறம். எண்ணெய் போட்டால் எதுவும் நிக்கும் எண்டு நினைச்சன்.”

இதை நம்பாமல் இருக்க ஒருவராலும் முடியாது. எங்கள் வீட்டில் அம்மா எண்ணெய் போடாத பொருள் இல்லை. கதவுக் கீல் தொடக்கம் எங்கள் உச்சந்தலை வரை எல்லாம் அம்மாவின் எண்ணெயில்தான் ஓடின. பறணில் வைத்து உருக்கிய ஆள்தானே, இதையும் செய்வா என்று அப்பாகூடப் பத்திரிகைக்குள்ளிருந்து சொன்னார்.

கொழும்புக்கு எழுதி வேறு எடுக்க நாள் இல்லை. மாமாவும் நானும் ஒவ்வொன்றாகச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவினோம். வெயிலும் ஆகாது, அடுப்பும் ஆகாது, வெளியில் மழை. அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டோம். காய்ந்ததும் பார்த்தால் ஒன்றோடொன்று பிசுபிசுவென்று ஒட்டின. பவுடர் தகரத்தைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு பொட்டும் விழவில்லை. கடைகள் பூட்டியாயிற்று, விடிந்தால் விழா.

“வீட்டிலை பவுடர் எண்டு வேறை என்ன இருக்கு?” என்று மாமா கேட்டார்.

“திருநீறுதான் இருக்கு,” என்றா அம்மா.

யோசித்துப் பயனில்லை. சாமி அறையிலிருந்த திருநீற்றுப் பெட்டியைக் கொண்டுவந்து, பலூன்களுக்கு வெளியே பூசினோம். உட்பக்கமும் ஒட்டுகிறது என்று கடதாசியைக் கூம்பாகச் சுருட்டி, ஒவ்வொன்றின் வாய்க்குள்ளும் கொட்டினோம். எனக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம்.

விழா மண்டபத்தில் சைப்பிரஸ் கிளையில் வண்ணக் கடதாசி தொங்கியது. முன்வரிசையில் வெள்ளைக்காரத் தலைமையாசிரியை, பக்கத்தில் போதகர். ரீச்சர் இளநீலச் சீலை கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றா. மாமா அதைக் கண்டதும் இளநீலப் பலூன்களைத்தான் எடுத்தார். அழுகிற குழந்தை வந்தது. கடுகண்ணாவை ரயில் வந்தது. போதகர் சிரித்தார், பல் தெரியச் சிரித்தார். நான் செம்மறியாட்டுச் சாக்குக்குள்ளிருந்து மூச்சு விட்டேன்.

பிறகு யானை. உடம்பு வந்தது. கால்கள் வந்தன. தும்பிக்கையை வைத்துக் கட்டுவதற்காக மாமா மேடையின் நுனிக்கு வந்து குனிந்தார். தும்பிக்கை வெடித்தது. அந்த அதிர்ச்சியில் தலை வெடித்தது. பிறகு உடம்பு, கால், பேழை என்று யானை முழுவதும் படபடவென்று போய், மாமாவின் கையில் நூல் மட்டும் மிஞ்சியது.

வெண்புகை மாதிரி எழும்பிய திருநீறு முன்வரிசையில் இறங்கியது. தலைமையாசிரியை இருமினா. போதகரின் கறுப்புக் கோட்டு சாம்பல் நிறமாயிற்று. நெற்றி, புருவம், மீசை எல்லாம் எங்கள் வீட்டுத் திருநீறு. பிள்ளைகள் கதிரையில் ஏறிநின்று கைதட்டினார்கள். இதுதான் வேடிக்கை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

போதகர் லேஞ்சியை எடுத்து மெதுவாக முகத்தைத் துடைத்தார். துடைத்ததை முகர்ந்து பார்த்தார்.

“இது என்ன பவுடர், தம்பி?”

மாமா ரீச்சரை ஒருதரம் பார்த்தார். ரீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றா.

“திருநீறு, ஐயா.”

“அப்பிடியோ,” என்றார் போதகர். கோபமே இல்லாத குரல். “நல்லது. மழை வரப்போகுது, நேரத்தோடை வீட்டை போங்கோ.”

தேத்தண்ணிப் பேச்சு வரவில்லை.

வாவிக்கரை வழியே நனைந்துகொண்டு வந்தோம். வெறும் பேணியை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் மாமா நின்றார்.

“ஒரு பேணியைப் பாக்கச் சொன்னன் உனக்கு. ஒரு பேணியை.”

எனக்கு அப்படியே பேணியை வாவிக்குள் எறியவேண்டும் போல இருந்தது. எண்ணெய் போட்டது யார்? நானா? ஞாயிற்றுக்கிழமை எல்லாம் போனது யாருக்கு? ஆட்டுச் சாக்குக்குள் அவிந்துகொண்டிருந்த என்னிடம் இந்தப் பேச்சா? அழுகையும் ஆத்திரமுமாக வீட்டுக்கு வந்தேன். அம்மா மாமாவுக்குப் பிடித்த குழல் புட்டு அவித்து, கத்தரிக்காய் பொரித்து வைத்திருந்தா. நடந்ததை நான் சொன்னபோது, “என்ரை பிழைதான்” என்று கண்ணைத் துடைத்தா. மாமாவின் ஈரத் தலையைத் துவட்டிவிட்டா. எனக்கு ஒருவரும் துவட்டவில்லை.

தைப்பொங்கல் கழிய மாமா இடமாற்றம் கேட்டுத் திருகோணமலைக்குப் போனார். அடுத்த ஆவணியில் அம்மா பார்த்த பெண்ணைக் கட்டினார். நல்ல மாமி, குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மாமா கையில் பலூனை நான் காணவில்லை. அவருடைய பிள்ளைகள் திருவிழாவில் பலூன் கேட்டு அழுதாலும், மாமிதான் வாங்கிக் கொடுப்பா.

விழா முடிந்த அந்தக் கிழமையே நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். அம்மா என் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தா. தம்பி பாலுக்கு அழுதான். ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக்கொடுத்தபடி அம்மா தன் கையாலேயே அவித்து, துணி மூடி வைக்கிற பால் சூப்பிப் போத்தல் மேசையில் இருந்தது. உதவியாக இருக்கட்டும் என்று நான் எழும்பிப் போய், அதன் றப்பர்ச் சூப்பியைப் பிடித்துத் தூக்கினேன். புறங்கையில் சுளீரென்று ஒரு அடி விழுந்தது.

“எண்ணெய்க் கை! தம்பி பிறந்த நாள் துவக்கம் எத்தினை தரம் சொல்லிப்போட்டன், எண்ணெய் பட்டால் றப்பர் இளகிப்போமெண்டு!”

ஓம், எத்தனையோ தரம் சொல்லியிருந்தா. இந்த வீட்டில் றப்பர்ச் சாமான் எதையும் மனிதர் நிம்மதியாகத் தொட முடியாது என்று முணுமுணுத்துக்கொண்டு, நான் சவர்க்காரம் போட்டுக் கை கழுவப் போனேன்.