மேலேயும் கீழேயும் அடித்த பிறகு...

எங்கள் மாடியில் குடியிருக்கும் இசக்கிமுத்து போன வாரம் ஒரு மெமோவோடு இறங்கி வந்தார். கோவில்பட்டிக்காரர். வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுபவர். கான்ட்ராக்ட். மனைவியை இப்போதுதான் ஊரிலிருந்து அழைத்து வந்திருக்கிறார்.

"வேலை போயிரும் போலிருக்கு சார். பதில் எழுதணும்."

மெமோ என்றால் என்னிடம்தான் வருவார்கள். தரக்கட்டுப்பாட்டுத் துறையில் ஓய்வு பெற்றவன்; எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்து வேண்டும் என்று தூக்கத்திலும் சொல்வேன். பெருமைப்பட வேறென்ன இருக்கிறது?

விஷயம் இதுதான். ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்த தண்டுகளைக் கடையும் மெஷின் அவருடையது. இரு முனைகளின் விட்டத்தையும் அளந்து, ஒரு நீளமான ஃபார்முலாவில் போட்டு, எவ்வளவு கடைவது என்று முடிவு செய்யும். "இதைக் கொஞ்சம் சுருக்குய்யா" என்றார் மேனேஜர். இசக்கி அதை ஓர் அல்ஜீப்ரா சாஃப்ட்வேரில் கொடுத்து 'சிம்ப்ளிஃபை' தட்டினார். இரண்டு வரி அரை வரியானது. கைதட்டினார்கள்.

சாஃப்ட்வேர் செய்தது பள்ளிக்கூடக் கணக்கு. மேலே ஏ ஸ்கொயர் மைனஸ் பி ஸ்கொயர். கீழே ஏ மைனஸ் பி. அடித்தால் மிச்சம் ஏ பிளஸ் பி. சரிதானே? சரிதான் — ஏ-யும் பி-யும் சமமாகாதவரை! சமமானால் கீழே பூஜ்யம். பூஜ்யத்தால் எப்படி வகுப்பது? வாத்தியார் கரும்பலகை ஓரத்தில் 'ஏ, பி சமமல்ல' என்று எழுதினார். நாம்தான் காப்பி பண்ணவில்லை.

பழைய ஃபார்முலா இருந்தபோது, இரு முனையும் சமமான தண்டு தவறி வந்துவிட்டால், மெஷின் வகுக்க முடியாமல் அலாரம் அடித்து நின்றுவிடும். லைனில் எல்லோரும் திட்டுவார்கள். அதுதான் காவல் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

புது ஃபார்முலா எதற்கும் தயங்கவில்லை. ஒரு நாள் இரு முனையும் சமமான தண்டுகள் கலந்து வந்தன. அத்தனையும் ஓடி, பேக் ஆகி, கஸ்டமரிடம் போய்த் திரும்பி வந்தன.

லைன் சூப்பர்வைசர் உள்ளூர்க்காரர். டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், கத்திகினு இருந்த மெஷின ஒங்க மாடி வூட்டுக்காரரு கப்சிப்னு ஆக்கிட்டாரே! மெஷின் வாய மூடுன அன்னிக்கு அவருக்கு டீ வாங்கிக் குடுத்ததே நான்தான்."

பதில் எழுதினேன். மாற்றத்துக்கு ஒப்புதல் தந்த காகிதத்தில் அதிகாரிகளின் கையெழுத்துகள் எல்லாம் மேலே இருந்தன, இசக்கியுடையது கடைசியில் என்று சுட்டிக்காட்டியிருந்தேன். சமமான தண்டை ஓட்டிச் சோதிக்கச் சொல்லாதது யார் என்று கேட்டிருந்தேன். "இதை மறுக்க முடியாது" என்றேன்.

மறுக்கவில்லை. படிக்கவேயில்லை. திங்கட்கிழமை காலை அவருடைய கார்டுக்கு கேட் திறக்கவில்லை. கான்ட்ராக்ட் ஆளுக்கு விசாரணை கிடையாது... நடைமுறை எதுவும் இல்லாததுதான் அங்கே நடைமுறை.

நேற்று மாடியில் பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும் சத்தம். ஏறிப் போனேன்.

"பழைய ஃபார்முலாவையே திரும்பப் போட்டுட்டாவ சார். இப்ப மெஷின் ஒழுங்கா நிக்குதாம்."

"அதைப் போடத் தெரிஞ்ச ஆள் யாரு அங்கே?"

"மேனேஜர் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாரு. சொல்லிக் குடுத்தேன்."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "சோத்தப் பாதியில வச்சுட்டுல்லா சொன்னீய! அதையும் சாருகிட்ட சொல்லுங்க."

போனுக்கு மட்டும் கேட் கிடையாது பாருங்கள்!