எப்போதும் மூன்றே கொட்டை

கல்யாணமாகி மலாயாவில் பேராக்குக்கு வந்த இரண்டாம் வருடம் என் கணவர் எனக்குப் போக்கர் ஆடச் சொல்லிக்கொடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் அது. ஈப்போவுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் கிராணி. சின்னத் துரையின் பங்களாவில் ஆட்டத்துக்கு ஆள் குறைந்த நாட்களில் இவரையும் உட்காரவைப்பார்களாம், அங்கே பழகியது. எங்களுக்குக் குழந்தையில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பாயை விரித்துவிடுவோம்.

காசு வைத்து ஆட எனக்கு மனமில்லை. ரப்பர் கொட்டைகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டோம். தோற்றவர் அந்த வாரம் முழுக்கக் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும். ஆளுக்கு ஐந்து சீட்டு. வேண்டாத சீட்டை மாற்றிக்கொள்வதற்கு முன்பே பந்தயத்தை ஏற்றலாம். எதிராளி அதற்கு ஈடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். எத்தனை கொட்டை ஏற்றுவது என்பது அவரவர் விருப்பம்.

சில மாதங்களில் அவரைப் படித்துவிட்டேன். நல்ல சீட்டு வந்தால், நான் பயந்து விலகிவிடக் கூடாதென்று இரண்டே கொட்டை வைப்பார். கையில் ஒன்றுமில்லாதபோது ஐந்து, ஆறு என்று அள்ளி வைப்பார். எதையும் காட்டிக்கொள்ளாமல் ஒரு வருடம் போல ஜெயித்தேன். சிரித்துக்கொண்டே தண்ணீர் சுமந்தார்.

ஒருநாள் பெருமை தாங்காமல் சொல்லிவிட்டேன்.

"ஒங்களுக்குப் பொய் சொல்லத் தெரியலைங்க. நல்ல சீட்டுன்னா ரெண்டு, வெத்துன்னா அஞ்சு. நான் ஒங்க மொகத்தப் பாக்குறதே இல்ல, கொட்டையத்தான் பாக்குறேன்."

அவர் சிரிக்கவில்லை. "இம்புட்டு நாளா பாத்துக்கிட்டா இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வாரத்திலிருந்து எந்தச் சீட்டு வந்தாலும் மூன்றே கொட்டை. நகர்த்தும் கையிலும் வித்தியாசம் தெரியாது. சில வாரம் அவர் ஜெயித்தார், சில வாரம் நான்.

அந்த வருட மழையில், வீட்டுப் படி ஏறுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர், எனக்குத் தம்பி மாதிரி, ஈப்போவில் ஒரு டாக்டரிடம் அவரைக் கூட்டிப்போனார். மறுநாள் ஞாயிறு. சீட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டேன்.

"டாக்டர் என்னதாங்க சொன்னாரு?"

"வாயுதானாம். மருந்து குடுத்திருக்காரு. நீ சீட்டப் பாரு."

மூன்று கொட்டையை முன்னால் தள்ளினார். நான் நம்பினேன். அன்று ஜெயித்தது நான்.

வெள்ளிக்கிழமை விடியற்காலைப் பெரட்டில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தவர், ஒரு பெயரின் பாதியில் நின்றுபோனார். என்னைக் கூப்பிட ஆள் ஓடிவந்தபோது, அவர் கொண்டுவந்து வைத்த வாளித் தண்ணீரில்தான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

காரியமெல்லாம் முடிந்தபின் டிரெஸ்ஸர் வந்து வாசலிலேயே நின்றார்.

"அண்ணனுக்குத் தெரியும் அக்கா. நெஞ்சு ரொம்பக் கெட்டுப்போச்சு, பாரம் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஒங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்னாரு. நான் நம்பிட்டேன்."

அந்த ஐந்து நாளும் அவர்தான் சுமந்தார். வியாழக்கிழமை அடுப்படியிலிருந்து, இன்னும் ஒரு வாளி வேண்டும் என்று நான் குரல் கொடுத்தது நினைவிருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்துவிடச் சொல்லி என் அண்ணன் எழுதினார். நான் போகவில்லை. ஈப்போவை ஒட்டிய சிலிபினில் ஓர் அறை எடுத்துத் துணி தைத்துப் பிழைத்தேன். அங்கே ரப்பர் மரமே கிடையாது. ஆனாலும் வெயில் ஏறிய மதியங்களில், தையல் மிஷினை நிறுத்தும்போது, பின்னால் பாயில் யாரோ கொட்டைகளை நகர்த்தும் சத்தம் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டேன். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை வாயு என்று பொய் சொன்ன கையோடு அவர் ஐந்து வைத்திருப்பார்; நான் கண்டுபிடித்திருப்பேன். மறைக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தானே என்ற எண்ணம் என்னை விட்டதில்லை.

இரண்டு வருடம் கழித்து, சட்டைத் துணி கொடுக்க டிரெஸ்ஸர் வந்தார். நல்ல மழை.

"எப்படி இருக்கீங்க அக்கா?"

நல்லாத்தான் இருக்கேன் என்ற வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது.

"நல்லா இல்ல தம்பி," என்றேன். "தனியா இருந்தா அவரு ஒக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

டிரெஸ்ஸர் குடையை மூலையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார்.