பீரோவில் இருந்த ஒன்பது மனுக்கள்

என் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘மனு டீச்சர்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் வைத்த பெயர்தான். ஆனால் அது காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, உச்சி குளிர்ந்துபோனது. சமூக அறிவியல் ஆசிரியை. அதற்கு மேல், மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்கான இளம் தலைவர்கள் பயிற்சித் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். இந்த இரண்டாவது வேலைக்குச் சம்பளம் கிடையாது, பேட்ஜ் உண்டு. அதைக் கழற்றாமலே அவள் காய்கறி வாங்கப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்கிறவர்களிடம் அக்கா குடிமக்களின் கடமைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவாள். யாரும் இரண்டாவது தடவை கேட்டதில்லை. எனக்கு நகராட்சி அலுவலகத்தில், தபால் பிரிவு ஜன்னலில் வேலை. மனுவை வாங்கி, முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு கொடுக்க வேண்டும்.

அக்காவின் பயிற்சி இப்படி நடக்கும். வருடத்துக்கு இருபது பிள்ளைகள், பத்து வாரம். ஊர்ப் பிரச்சினை ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், விவாதிப்பார்கள், நகராட்சி ஆணையருக்கு மனு எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள், அதை மேடையில் வாசிப்பார்கள், கைதட்டல் வாங்குவார்கள். ஒன்பது வருடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: பள்ளி வாசலுக்கு முன்னால் ஓடும் சாக்கடைக் கால்வாயின் மேல் இருந்த சிலாப் உடைந்து விழுந்தது. ஊரில் வேறு குறையே இல்லையா என்று கேட்காதீர்கள். இது வாசலிலேயே இருக்கிறது, போய்ப் பார்க்க பஸ் வேண்டாம். பிள்ளைகள் தினமும் தாண்டிக் குதிப்பார்கள். அக்காவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதிப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வாட்ச்மேன் பாவப்பட்டு ஒரு பலகையைப் போட்டார். போட்டோவில் பிரச்சினை தெரியவில்லை என்று அதை எடுக்கச் சொன்னவள் என் அக்கா. பலகை திரும்பி வரவில்லை.

அந்த ஒன்பது மனுக்களில் ஒன்றுகூட என் ஜன்னலுக்கு வந்ததில்லை.

முதல் வருடமே கேட்டேன். “மனு எழுதக் கத்துக்குடுக்கிறதுதாண்டி பயிற்சி. அனுப்புறது படிவத்துலயே இல்ல” என்றாள். படிவத்தை வாங்கிப் பார்த்தேன். மனு வாசிக்கப்பட்டதா, புகைப்படம் இணைக்கப்பட்டதா என்று பதினேழு கட்டங்கள். அனுப்பப்பட்டதா என்று ஒரு கட்டம் உண்மையிலேயே இல்லை. மனுக்கள் நேராகப் பள்ளி பீரோவுக்குள் போயின. நான் மட்டும் என்ன கிழித்தேன்? ஜன்னலுக்கு வராத மனு எனக்கும் இல்லாத மனுதான். ஒன்பது வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

இந்த வருடம் சிறந்த ஒருங்கிணைப்பாளர் விருதுக்கு அக்காவின் பெயர் போயிருந்தது. திட்டத்தின் தலைமையகத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று ஒரே புடவையை மூன்று முறை இஸ்திரி போட்டாள். அந்தப் பரபரப்பில் ஒரு சாயங்காலம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஒருத்தி என் பயிற்சிக்கு வச்ச நுழைவுத் தேர்வுல பிரமாதமா எழுதியிருக்கா. ஆனா பேரை அடிச்சுட்டேன். இந்த வருஷத்துல மட்டும் நாப்பது நாள் கிட்ட லேட்டு. நேரத்துக்கு வரத் தெரியாதவ எப்படித் தலைவி ஆவா?”

“ஏன் லேட்டுன்னு கேட்டியா?”

“அவ என் வகுப்பு இல்ல. பதிவேட்டைத்தான் பாத்தேன். அதுல காரணத்துக்குக் கட்டம் கிடையாது.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு ‘லேட்டு’ என்று பெயர்.

நாலு நாள் கழித்து லேட்டு என் ஜன்னலுக்கு வந்தாள். அவள்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நோட்டிலிருந்து கிழித்த தாளை நீட்டினாள்.

“மேடம், இதை இங்கதானே குடுக்கணும்?”

படித்தேன். ‘என்னால் ஒரு காலை ஊன்றி நடக்க முடியாது. சிலாப் இல்லாததால் முன்வாசலைத் தாண்ட முடியாது. பின்வாசல் வழியாகத்தான் வருகிறேன். மணி அடித்து, முன்வாசலைப் பூட்டிய பிறகுதான் வாட்ச்மேன் சாவியோடு பின்வாசலுக்கு வருவார். ஏழு மணிக்கே வந்து நின்றாலும் என் பெயர் தாமதப் பதிவேட்டில் ஏறுகிறது. நாற்பது நாள் ஆகிவிட்டது. ஐம்பது ஆனால் நன்னடத்தைச் சான்றிதழில் எழுதுவார்களாம். இது என் கடைசி வருடம்.’

முத்திரையைக் குத்திவிட்டு நானே அதைப் பொறியாளரிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தலையைத் தூக்காமல், “இதுக்கு முன்னாடி புகார் வந்திருக்கா?” என்றார். இல்லை என்றேன். “இத்தனை வருஷமா யாருமே கேக்கலன்னா அவசரம் இல்லம்மா. அடுத்த வருஷப் பட்டியல்ல சேர்த்துக்கலாம்.”

வீட்டுக்கு வந்து மனுவின் நகலை அக்காவிடம் கொடுத்தேன். கீழே இருந்த பெயரைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

“இவளா?”

“இவளேதான் போல. பீரோவைத் திறந்து அந்த ஒன்பது மனுவையும் குடு. பழைய புகார்னு காட்டுறேன்.”

“தலைமையகத்துக்கு அனுப்புற அறிக்கையில ‘சமர்ப்பிக்கப்பட்டது’ன்னு வருஷா வருஷம் எழுதியிருக்கேன்டி. இப்போ போய் இன்னைக்குத் தேதியில முத்திரை விழுந்தா, வர்றவங்க என் மூஞ்சியில என்ன எழுதுவாங்க?”

“எழுதக் கட்டம் இருக்கான்னு பாரு.”

அன்றும் பீன்ஸ்தான். பாத்திரம் பறந்து வந்தது. இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. அந்த இரண்டு நாளும் லேட்டுவின் கணக்கில் ஏறியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஜன்னலுக்கு முன்னால் இருந்த வரிசையில் ஏழாவது ஆளாக அக்கா நின்றாள். தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாளே என்று முன்னால் வரவில்லை. புடவையில் பேட்ஜ் இல்லை. அவள் முறை வந்ததும் மனுக்கட்டை எடுத்து வைத்தாள்.

“ஒன்பது மனு. இன்னைக்குத் தேதியே போடு.”

ஒவ்வொன்றாகக் குத்தினேன். என் அக்காவின் மேல் எனக்கு அவ்வளவு பாசம் அதற்கு முன்னால் வந்ததில்லை. அதைச் சொல்வதற்கான இடம் அந்த ஜன்னல் இல்லை. ஒப்புகைச் சீட்டை நீட்டினேன்.

நூற்று எண்பது கையெழுத்தைப் பார்த்ததும் பொறியாளருக்கு அவசரம் வந்துவிட்டது. ஐந்தாம் நாள் புது சிலாப் போட்டார்கள். பார்வையிட வந்தவர்கள் தேதியைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள். விருது இன்னொரு பள்ளிக்குப் போனது. அங்கே ஒரே ஒரு செடியை இருபது பேர் பிடித்துக்கொண்டு நட்டிருந்தார்கள்.

சிலாப் போட்ட மறுநாள் அக்கா முன்வாசலிலேயே காத்திருந்தாள். லேட்டு மணியடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தாள். ஊன்றுகோலால் சிலாப்பை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத் தாண்டினாள்.

“உன் பேரைத் திரும்பவும் சேர்த்துட்டேன்மா. லேட் பதிவையும் எடுக்கச் சொல்லி ஹெட்மாஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்துட்டேன்” என்றாள் அக்கா.

“சரி டீச்சர்.” இரண்டு அடி நடந்தவள் நின்றாள். “டீச்சர், எனக்கு முன்னாடி பின்வாசல் வழியா யாராவது வந்துக்கிட்டு இருந்தாங்களா?”

அக்கா எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பவள். அதற்கு மட்டும் அவள் பதிவேட்டு அறைக்குப் போக வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் ஒன்பது வருடத் தாமதப் பதிவேடுகளும் எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டன. அக்கா விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆறு வருடத்துக்கு முந்தைய பதிவேட்டில் ஒரு பெயர் தினமும் இருந்தது, லேட்டுவுக்குப் போட்டிருந்த அதே நேரத்தோடு. முப்பது நாள், நாற்பது நாள், ஐம்பத்திரண்டு நாள். அதற்குப் பிறகு அந்தப் பெயரே இல்லை. பக்கத்தில் சிவப்பு மையில், ‘பள்ளியை விட்டு நின்றுவிட்டார்.’

அக்கா அந்த வரியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு எழுந்து செருப்பை மாட்டினாள்.

“இந்தப் பிள்ளையோட விலாசம் இதுலயே இருக்குடி. நீயும் வா.”