கொம்பு முளைத்த சொல்

எங்கள் வீட்டில் சனிக்கிழமைக்கென்று ஒரு வாடை இருந்தது. கடலடிக் களியும் இரும்புத் துருவும் கிரீஸும் கலந்த வாடை. பாளையங்கோட்டையில் பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருந்த வாடகை வீட்டின் கொல்லையில் அப்பாவின் காக்கிக் கால்சட்டை தகர வாளியில் ஊறும்; தண்ணீர் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு வாளியின் அடியில் அரைத்த மாவு போல ஒரு படிவு தங்கும். குழாயில் வருகிற தாமிரபரணியைக் குடித்துவிட்டு, அதே ஆறு கடலில் சேருமிடத்தில் விட்டுப்போன சேற்றை அப்பாவின் துணியிலிருந்து அலசி எடுப்பது அம்மாவின் வாராந்தர வேலை. “மேல தண்ணியக் குடிக்கோம், கீழ சேத்தத் துவைக்கோம்” என்பாள்.

அப்பா ஒரு பார்ஜில் சாரங்காக இருந்தார். பார்ஜ் என்பது எஞ்சின் இல்லாத தட்டையான இரும்புக் கலம். சாரங்கு என்பவர் அதன் ஆட்களுக்குத் தலைவர். திருச்செந்தூருக்கு வடக்கே, ஆற்று முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கடலுக்குள் ஒரு கல்சுவர் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாறைகளைச் சுமந்த பார்ஜை இழுவைப் படகு கொண்டுவந்து நிறுத்தும். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு நங்கூரங்களை இறக்கி, சங்கிலியை அளந்து விட்டு, அசையாமல் நிற்கவைப்பது அப்பாவின் பொறுப்பு. திங்கள் காலை பேருந்தில் போவார், சனி மாலை வருவார்.

அவரோடு சில சொற்களும் வீட்டுக்கு வரும். “ஆரியா” என்றால் தளரவிடு, இறக்கு. “ஆபீஸ்” என்றால் இழு, தூக்கு. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து கடற்கரையில் தங்கிவிட்ட சொற்கள் என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அம்மா பரணிலிருந்து பெட்டியை இறக்கும்போது கீழே நின்று “ஆரியா... பைய ஆரியா” என்று அப்பா குரல் கொடுப்பார். கரையில் தகரக் கொட்டகையில் நடந்த கம்பெனி அலுவலகத்துக்கும் எல்லோரும் சொன்ன பெயர் ஆபீஸ்தான். பார்ஜில் இருந்தவர்களுக்கு இதில் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. ஒன்று கத்திச் சொல்வது, மற்றது முணுமுணுத்துச் சொல்வது.

தளவாடங்களுக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. எழுதிய பதிவேட்டை யாரும் கேட்டதில்லை. அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக்கூட்டித்தான் எழுதுவார். ஆகவே ஆறாம் வகுப்பு முடித்த அந்த விடுமுறை முழுவதும், சனிக்கிழமை குளித்துவிட்டு வந்து அவர் சொல்லச் சொல்ல, நீளக் குறிப்பேடு ஒன்றில் நான் எழுதினேன். சங்கிலியை மாட்டும் எந்த “சாக்கிள்” வளையத்தின் ஆணி தேய்ந்தது, சங்கிலியைச் சுற்றி இழுக்கும் எந்த வின்சுக்குப் பிரேக் பட்டை மாற்ற வேண்டும், எந்தச் சங்கிலியில் எத்தனையாவது கண்ணி மெலிந்திருக்கிறது. முதல் பக்கத்தில் நானே கேட்டு வாங்கி எழுதிய விதிகள் இன்றும் வரிசை எண்ணோடுதான் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, ஆழம் பார்க்காமல் நங்கூரம் இறக்காதே. இரண்டு, ஆழத்துக்கு ஆறு பங்கு சங்கிலி விடு. காற்று ஏறினால் அதற்கு மேலும். மூன்று, ஓடுகிற சங்கிலிக்கு நேராக நிற்காதே, தாண்டாதே. நான்கு, பாரத்தை வின்சுக்கு மாற்றாமல் சங்கிலியைப் பிடித்திருக்கும் கொண்டியைத் தட்டாதே. இரண்டாவதற்கு மட்டும் அப்பா காரணம் சொன்னார்: “சங்கிலி தரையில படுத்துக் கிடக்கணும். அது எந்திரிச்சு நின்னா நங்கூரமும் எந்திரிச்சிரும்.”

நங்கூரம் தன் எடையால் கலத்தை நிறுத்துவதில்லை என்பதைப் பிற்பாடு கல்லூரியில் ஒரு முழுப் பருவம் படித்தேன். சங்கிலி படுத்திருந்தால் இழுப்பு கிடையாக வரும், நங்கூரம் மேலும் மேலும் தரையைக் கவ்வும்; சங்கிலி நிமிர்ந்தால் இழுப்பு மேல்நோக்கி வரும், நங்கூரம் பிடுங்கிக்கொள்ளும். இதைவிட ஒரு வரிகூட அதிகமாக அந்தப் பருவத்தில் நான் தெரிந்துகொண்டதாகத் தோன்றவில்லை.

அந்த ஆண்டுதான் எங்கள் தமிழாசிரியை மேற்கோள் குறி நடத்தியிருந்தார். ஒருவர் சொன்னதை அப்படியே எழுதினாலும் சரி, வழக்கத்தில் இல்லாத சொல்லோ பிறமொழிச் சொல்லோ வந்தாலும் சரி, இருபக்கமும் குறி இட வேண்டும். புதிதாகக் கற்றதை எங்கே பயன்படுத்துவது என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு அப்பாவின் பதிவேடு விருந்தாகக் கிடைத்தது. அவர் சொன்ன கப்பல் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் குறி இட்டேன். ஒரு சனிக்கிழமை அவர் ஏட்டை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்னட்டி, எஞ் சொல்லுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் கொம்பு முளைச்சிருக்கு?”

“அது மேற்கோள் குறி, அப்பா. அப்பிடித்தான் எழுதணும்.”

“எழுது, எழுது. எனக்குத்தான் கொம்பு இல்ல, சொல்லுக்காவது இருக்கட்டும்.”

மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை அப்பா வாடிய முகத்தோடு வந்தார். சங்கிலி நீளமாக இருந்தால் பார்ஜ் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் கொஞ்சம் ஆடும். ஆடினால் பாறைகள் சுவருக்குக் குறித்த கோட்டிலிருந்து விலகி விழும். சுவர் கோணுகிறது என்று சொல்லி, கரை அலுவலகத்திலிருந்து என்ஜினியர் செல்போனில் அழைத்து, நான்கு சங்கிலிகளையும் இழுத்துக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். ஆழம் நான்கு பாகம். ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். இருபத்துநான்கு பாகமாகக் கிடந்த சங்கிலியைப் பதினான்காக்க வேண்டும். காற்று ஏறினால் என்ன செய்வது என்று அப்பா கேட்டதற்கு, ஏறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்திருக்கிறது. இதையெல்லாம் அவர் அம்மாவிடம்தான் சொன்னார். நான் பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு அரைகுறையாகக் கேட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி ஒரே வரி சொன்னார், நான் எழுதினேன்:

வெள்ளி. “ஆபீஸ்” சொல்லி நாலு சங்கிலியும் பத்துப் பாகம் ஏத்தினது.

அவர் சொன்னது கரையிலிருந்த ஆபீஸை. நான் எழுதியது கப்பல் சொல்லை. இழு என்ற பொருளில் ஒரு சொல் இருப்பதும், அதற்குக் குறி இட வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும், தெரிந்ததைச் செய்தேன். கை அந்த நான்கு கீற்றுகளையும் தானாகவே போட்டது.

செவ்வாய் நண்பகலில் தென்காற்று ஏறியது. அப்பா நான்கு மூலைக்கும் “ஆரியா” கொடுத்திருக்கிறார். அதற்குள் தெற்குப் பக்கத்துச் சங்கிலிகள் கம்பி போல விறைத்துவிட்டன. ஒரு வின்சில் நின்றவர் சுடலைமுத்து. சேரன்மகாதேவிப் பக்கத்து ஆள், கடல் வேலைக்குப் புதியவர். பயத்தில் நான்காம் விதியை மறந்து, பாரத்தை வின்சுக்கு மாற்றாமலே கொண்டியைக் கையால் தட்டினார். சங்கிலி ஓடியது, அவருடைய வலக்கையில் மூன்று விரல்கள் அதோடு போயின. நங்கூரங்கள் பிடுங்கிக்கொண்டு பார்ஜ் தான் கட்டிய சுவரிலேயே போய் மோதி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை.

ஜூன் மாதம், பாளையங்கோட்டையிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் விசாரணை நடந்தது. கேள்வி ஒன்றுதான்: சங்கிலியைக் குறைக்கச் சொன்னது யார்? நாங்கள் சொல்லவில்லை, சாரங்கு தானாகச் செய்தது என்றார் என்ஜினியர். போனில் பேசியதற்கு என்ன அத்தாட்சி இருக்க முடியும்? பதிவேட்டில் எழுதியிருக்கிறது என்றார் அப்பா. எழுதியது யார் என்று கேட்டதால் என்னையும் அழைத்துப்போனார். பள்ளிச் சீருடையில், ரிப்பன் கட்டி, நகரப் பேருந்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது, அப்பாவைக் காப்பாற்றப்போவது என் கையெழுத்து என்ற பெருமிதத்தில் ஏட்டை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

அதிகாரி அந்த வரியைச் சத்தமாகப் படித்தார். என்ஜினியர் எழுந்து வந்து ஏட்டை எட்டிப் பார்த்தார். வெளியூர்க்காரர், மென்மையாகப் பேசுபவர். என் பக்கம் குனிந்து கேட்டார்.

“பாப்பா, இந்தச் சொல்லுக்கு மட்டும் ஏன் குறி போட்டிருக்க?”

வகுப்பில் எழுந்து நிற்பதுபோல் நின்றேன். “அது கப்பல் சொல் சார். வழக்கத்துல இல்லாத சொல்லுக்கு மேற்கோள் குறி போடணும்.”

“அப்படியா? என்ன அர்த்தம்?”

“இழுங்கன்னு அர்த்தம் சார்.”

“பார்ஜில அதை யாரு சொல்லுவாங்க?”

“எங்கப்பாதான் சார்.”

மூன்று கேள்விக்கும் சரியான விடை சொன்னேன். முழு மதிப்பெண்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம், “அந்த ஆபீஸ் இல்ல சார்... இது கரையில இருக்க ஆபீஸ்” என்றார். தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “எந்த ஆபீஸ்வே? ஒண்ணச் சொல்லும்” என்றார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். சிரிக்காதவர் என்ஜினியர் ஒருவர்தான். ஏட்டை மூடி, பக்கங்கள் மடங்காமல் பார்த்து, மேசையில் வைத்தார். அன்று அந்த அறையில் பொய் ஒன்றே ஒன்றுதான் சொல்லப்பட்டது. அதை அவர் ஒரே வரியில் முடித்துக்கொண்டார், மீதியை உண்மையையே வைத்துச் சாதித்தார்.

திரும்பும் பேருந்தில் நான் அழுதேனா என்று நினைவில்லை. அப்பா சன்னல் பக்கம் பார்த்தபடி, “நீ படிச்சதத்தான சொன்னே” என்றார். அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். அம்மா அவ்வளவு சிரமப்படுத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, “நல்லா படிக்க வச்சோம்” என்றாள், ஒரே ஒரு தடவை.

கை ஆறியதும் சுடலைமுத்து வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காப்பியை இடக்கையால் வாங்கி, வெகுநேரம் குடிக்காமல் வைத்திருந்தார். பிறகு சொன்னார்: “அண்ணாச்சி, விசாரணைக்காரங்க ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்டாங்க. சாரங்கு சொல்லித்தான் இழுத்தியான்னு கேட்டாங்க, ஆமான்னேன். நீங்க ஏன் சொன்னீங்கன்னு யாரும் கேக்கல.” அப்பா, “கேட்டிருந்தா மட்டும் எழுதியிருப்பாங்களாக்கும்” என்று சொல்லி, காப்பி ஆறுகிறது என்று நினைவூட்டினார்.

அதன்பிறகு எந்தக் கலத்திலும் அவரைச் சாரங்காகச் சேர்க்கவில்லை. கடற்கரையில் ஆளுக்கு முன்னால் பெயர் போய்ச் சேர்ந்துவிடும். நகரத்தில் ஒரு மரக்கடையில், தடிகளைச் சங்கிலிக் கப்பியில் தூக்கி லாரியில் ஏற்றும் வேலைக்குப் போனார். ஒருமுறை மதியச் சோறு கொண்டுபோனபோது வாசலில் நின்று கேட்டேன். “தூக்கு... இறக்கு...” என்றுதான் குரல் கொடுத்தார்.

தவறு சாரங்குடையது என்று விசாரணை முடிந்து, பதிவேட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். அன்று மாலையே அப்பாவின் சவர பிளேடை எடுத்து அந்த நான்கு கீற்றுகளையும் சுரண்டினேன். மட்டமான தாள். இடப்பக்கத்துக் கொம்பு போயிற்று. வலப்பக்கம் சுரண்டும்போது தாள் கிழிந்து, கொம்போடு சொல்லும் போயிற்று. இப்போதும் என்னிடம் இருக்கும் அந்தப் பக்கத்தில், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஓர் ஓட்டை, அதன்பின் ‘சொல்லி நாலு சங்கிலியும்’ என்று தொடர்கிறது. யார் சொல்லி என்பதற்கு என்னிடம் இருக்கும் ஆவணம் அந்த ஓட்டைதான்.

நான் இன்று துறைமுகத்தில் நங்கூரத் தளவாடங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வேலை பார்க்கிறேன். கண்ணிகளின் கனத்தை அளக்கிறேன், தேய்ந்ததை ஒதுக்குகிறேன், அப்பாவின் அதே நான்கு விதிகளை அவற்றைவிட நீளமான சொற்களில் எழுதிக் கொடுக்கிறேன். என் சோதனைப் படிவத்தில் நானாகச் சேர்த்த கட்டம் ஒன்று உண்டு: சங்கிலியின் நீளத்தை மாற்றச் சொன்னவர் யார், என்ன பதவி, எங்கிருந்து, எத்தனை மணிக்கு. “இது எதுக்கு மேடம், யாரு நிரப்பப் போறா” என்று என் கீழ் வேலை செய்பவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். பெரும்பாலும் அந்தக் கட்டம் காலியாகவே திரும்பி வருகிறது.

பார்ஜை எப்போதோ உடைத்து இரும்பு விலைக்குப் போட்டுவிட்டார்கள். தகரக் கொட்டகை இருந்த இடத்தில் உடைமுள் மரம் மண்டிக் கிடக்கிறது. நான் ஏறுகிற கலங்களில் கட்டளைகள் வயர்லெஸ்ஸில் ஆங்கிலத்தில் வருகின்றன. “ஆரியா” என்று கத்துகிற ஒரு குரலையும் கேட்டதில்லை. கல்சுவர் மட்டும் இருக்கிறது. திருச்செந்தூர் போய்த் திரும்புகிறவர்களில் சிலர் அதன்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கோணல் இல்லாத சுவர்.

அப்பா இப்போது வீட்டில்தான் இருக்கிறார். காலையில் நான் கிளம்பிப்போன பிறகு தெருவில் யாராவது, மகள் ஆபீஸ் போயாச்சா அண்ணாச்சி என்று கேட்டால், “வேலைக்குப் போயிருக்கா” என்கிறாராம். இத்தனை வருடங்களில் அந்தச் சொல் எந்தப் பொருளிலும் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.